ஏர் ரைபிளுக்கு எந்தப் பெல்லட்? அளந்து பார்த்து முடிவு செய்யும் முறை

ஏர் ரைபிளில் போட்டுச் சுடும் சிறு குண்டான பெல்லட்டை வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எதுங்க வேகமாப் போகும்?" கேட்க வேண்டியது வேறு: என் குழலில் எது ஒரே இடத்தில் போய் விழும்? அதற்குக் கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது, டப்பாவில் அச்சிட்ட எண்ணாலும் முடியாது. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ரைபிள் இரண்டுக்கு இரண்டு வேறு பெல்லட் பிடிப்பது சாதாரணம். குழலின் உள்வரிகளில் (பெல்லட்டைச் சுழலவைக்கும் உட்புறப் பள்ளங்கள்) இருக்கும் நூலளவு வித்தியாசமே அதற்குப் போதும்.

வேலையின் வரிசை இது: முதலில் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் தாளில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது), பிறகு வேகம், கடைசியில் தாக்கம். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சோப்பைத் துளைத்துப் பார்த்து, அதில் ஆழமாகப் போனதை ஐந்து டப்பா வாங்கிவிட்டு, பிறகு அது தாளில் எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறுவதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

1. சட்டம் போட்ட இரண்டு கோடுகள்

2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ, வாய் ஆற்றல் (குழல் வாயை விட்டுக் கிளம்பும்போது பெல்லட்டுக்கு இருக்கும் ஆற்றல்) 20 ஜூலுக்கு மேல் போனாலோ ஏர் ரைபிளுக்கும் உரிமம் வேண்டும். 4.5 என்பது கடையில் அங்குலக் கணக்கில் .177 என்று சொல்லும் அளவு. .22 என்பது 5.5 மி.மீ., ஆகவே அது உரிமத்துக்குள் வரும். கீழே வரும் படிகள் எல்லாம் .177-க்கு எழுதியவை. .22-ஐ ஒப்பிட மட்டும் ஒரு பகுதி உண்டு.

இரண்டாவது கோடு பறவை. கொக்கு, மடையான், உள்ளான், நீர்க்கோழி எதைச் சுட்டாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வடுவூர், கோடியக்கரை போன்ற சரணாலயங்களில் மட்டும்தான் தடை என்று நினைப்பது தவறு. சொந்த வயலில் நடவன்று வந்து இறங்கும் மடையானுக்கும் அதே சட்டம்தான். வயல் எலிக்கு என்றால் மூங்கிலில் வளைத்துக் கட்டும் தஞ்சாவூர்க் கிட்டி, இரவில் ஏர் ரைபிளோடு வரப்பில் நடப்பதைவிட நன்றாக வேலை செய்யும். இங்கே நம் இலக்கு தாள், சோப்பு, களிமண் மூன்றும்தான்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு வகைப் பெல்லட், ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா. எட்டு வகை வாங்கினால் பாதியிலேயே அலுத்துவிடும், கணக்கும் குழம்பும். நான்கையும் எடையில் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுங்கள்: 7 கிரெயின் அளவில் தட்டை முனை ஒன்று, 8 முதல் 8.5 கிரெயினில் உருண்டை முனை இரண்டு வேறு கம்பெனி, 10 கிரெயின் அளவில் கனமான உருண்டை முனை ஒன்று. ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம். ஆகவே 7 கிரெயின் 0.45 கிராம், 8.44 கிரெயின் 0.55 கிராம், 10.34 கிரெயின் 0.67 கிராம்.

கூர்முனைப் பெல்லட்டை இந்த நான்கில் சேர்க்காதீர்கள். கூர்முனை இம்மியும் கோணாமல் நடுவில் அமைவது கடினம். கோணினால் சுழற்சியில் ஆடும். ஆழமாகத் துளைக்கும் என்ற ஆசையில் வாங்குகிறவர்களே அதிகம். டப்பா அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

மற்றவை: நகைக்கடைத் தராசு, வெர்னியர், முப்பது நாற்பது டார்கெட் தாள், மணல் நிரப்பிய இரண்டு பழைய பேன்ட் கால், கண்ணாடி, பென்சில், நோட்டு. கண்ணாடி என்றால் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி, வெயில் கண்ணாடி இல்லை. தராசு 0.01 கிராம் காட்டுவதாக இருந்தால் ஒரு பெல்லட்டைத் தனியாக நிறுக்காதீர்கள். அரை கிராம் பொருளில் அந்தத் தராசின் பிழையே நூற்றுக்கு இரண்டு. பத்துப் பெல்லட்டைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை பார்த்துப் பிரிப்பதற்கு 0.001 கிராம் தராசு வேண்டும். அது இல்லாமல் பிரிப்பது பொழுதுபோக்கு.

3. சுடும் இடம்: மேடில்லாத ஊரில் தடுப்பு

காவிரி டெல்டாவில் இதுதான் பெரிய சிக்கல். மலையோ கரடோ இல்லை, வரப்பு முழங்கால் உயரம்கூட வராது. குறி தவறிய பெல்லட் முந்நூறு மீட்டர் வரை போகும். அந்தத் தூரத்துக்குள் யாராவது நாற்று பறித்துக்கொண்டு இருப்பார்கள். தடுப்பு இல்லாமல் ஒரு பெல்லட்கூடச் சுடக் கூடாது.

தடுப்புக்குச் சுற்றுப்புறத்தில் கண்ணில் படுகிற எல்லாமே தவறானவை. தென்னை மரம் வளைந்த பரப்பு, பெல்லட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். செங்கல் சுவர் சில்லுகளை நம் பக்கமே எறியும். வாய்க்கால் நீரும் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் மெத்தென்று தெரியும். ஆனால் சாய்வாகப் படும் பெல்லட் நீர்ப்பரப்பில் ஓட்டாஞ்சில்லு போலத் தத்தி எழும். வைக்கோல் போர் பெல்லட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அந்த வைக்கோலை நாளை மாடு தின்னும், பெல்லட் ஈயம். போரைத் தொடவே தொடாதீர்கள்.

சரியான தடுப்பை நாமே செய்ய வேண்டும். பழக்கூடை அளவு மரப்பெட்டி, பின்பக்கம் 18 மி.மீ. பிளைவுட், அதற்கு முன்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு. உள்ளே நான்கு விரல் கனத்துக்கு மேல் களிமண். ஆற்று வண்டலோடு களி கலந்து, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளகலாகப் பிசைந்து அப்புங்கள். மண்ணில் கூழாங்கல்லோ ஓட்டுச் சில்லோ இருந்தால் பெல்லட் திரும்பி வரும். ஆகவே பிசையும்போதே விரலால் தடவி எடுத்துவிடுங்கள். முன்புறம் ஈரச்சாக்கு மூடி வைத்தால் இரண்டு நாள் காயாது. காய்ந்து வெடித்த களிமண்ணில் சுடாதீர்கள், அது செங்கல்லுக்குச் சமம்.

பெட்டிக்குப் பின்னால் கட்டடத்தின் வாசல் இல்லாத சுவரோ, மண் குவித்த மேடோ இருக்க வேண்டும். பெட்டியில் படாமல் போகிற ஒன்றுக்கு அதுதான் காவல். பெட்டியின் நடுவை நெஞ்சுயரத்துக்குக் கீழே வையுங்கள், பெல்லட் கீழ்நோக்கியே போகட்டும்.

4. நேரமும் காற்றும்

ஆடி மாதத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அந்த மேல்காற்றில் எந்தப் பெல்லட்டும் கெட்ட பெல்லட்தான். மற்ற மாதங்களில் விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை நல்ல நேரம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு வெயில் ஏற ஏறக் கடல் காற்று கிளம்பிவிடும், அங்கே இன்னும் சீக்கிரம் முடிக்க வேண்டும்.

காற்று எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. நொடிக்கு 240 மீட்டரில் கிளம்பும் .177 பெல்லட், பக்கவாட்டில் நொடிக்கு 3 மீட்டர் காற்று. அது வாழை இலை மெல்ல ஆடும் காற்றுதான். 10 மீட்டரில் உருண்டை முனை சுமார் 4 மி.மீ. விலகும், தட்டை முனை 9 மி.மீ. 25 மீட்டரில் உருண்டை 27 மி.மீ., தட்டை 60 மி.மீ. தூரம் இரண்டரை மடங்கு, விலகல் ஆறேழு மடங்கு. காற்றைப் பார்க்காமல் 25 மீட்டரில் பெல்லட்டுக்குக் குறை சொல்வது எவ்வளவு தவறு என்று இதிலேயே தெரியும்.

பாதித் தூரத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் ஒரு முழம் நூலைத் தொங்கவிடுங்கள். நூல் நேராகத் தொங்கும்போது மட்டும் விசையைத் தொடுங்கள். துப்பாக்கி பக்கத்தில் கொடி கட்டிப் பயனில்லை, காத்திருக்கிற உங்கள் கண் இலக்கின் பக்கம் இருக்கும்.

5. ரைபிளைத் தயார் செய்தல்

பெல்லட்டைக் குறை சொல்லும் முன் ரைபிளைச் சந்தேகப்பட வேண்டும். ஸ்டாக் என்ற பிடிகட்டையைப் பிடிக்கும் திருகுகள், ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியின் மவுன்ட் திருகுகள் எல்லாவற்றையும் சரியான சாவியால் இறுக்குங்கள். ஸ்ப்ரிங் ரைபிளில் (ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்ப்ரிங்கை அமுக்கி வைத்துச் சுடும் வகை) இவை சுடச் சுடத் தளரும். ஸ்ப்ரிங் ரைபிளின் உதை முதலில் பின்னுக்கும் பிறகு முன்னுக்கும் போவதால் சாதாரண ஸ்கோப்பின் உள்ளே குறுக்குக்கோடு நகர்ந்துவிடும். ஏர் ரைபிளுக்கென்று தாங்கும் ஸ்கோப்பாக இருக்க வேண்டும். 100 கெஜத்துக்கு இணைத்த ஸ்கோப்பில் 10 மீட்டரைப் பார்த்தால் கண் சற்று நகர்ந்தாலும் குறி நகரும். முன்கண்ணாடி வளையத்தில் தூரம் மாற்றும் வசதி உள்ளதை எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் கன்னத்தை ஒரே இடத்தில் வையுங்கள்.

குழலை உலர்ந்த துணித் துண்டால் இரண்டு மூன்று முறை இழுத்துத் துடையுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

எண்ணெயில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரும்பு இரண்டே நாளில் செம்மை பிடிக்கும், அதைப் பார்த்துப் பதறி வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயையோ தையல் மெஷின் எண்ணெயையோ குழலுக்குள் விடுகிறார்கள். பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வெப்பம் ஏறி அந்த எண்ணெய் எரியும். பட்டென்று பெரிய சத்தம், குழல் வாயில் புகை, கருகிய வாசனை. வேகம் தாறுமாறாக ஏறும், சீல் கெடும், அன்றைய அளவு எதுவும் செல்லாது. எண்ணெய் குழலின் வெளிப்புறத்துக்கு மட்டும், அதுவும் துணியில் தொட்டுத் துடைக்கும் அளவு. ரெக்சின் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் துருவுக்குத்தான் வழி.

எண்ணெய் போய்விட்டதா என்று தெரியாவிட்டால் இருபது குண்டு களிமண்ணில் சுட்டுத் தள்ளுங்கள். புகையும் வாசனையும் நிற்கும் வரை அளக்காதீர்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே விசையைத் தட்டிச் சோதிப்பது மட்டும் கூடாது. முன்னால் தடுக்கும் காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் போய் இரும்பில் மோதும்.

6. பெல்லட்டைப் பொறுக்குதல்

டப்பாவை வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். பெல்லட்டுக்குத் தலை, இடுப்பு, பாவாடை என்று மூன்று பாகம். தலை குழலின் உள்வரியில் உட்கார்ந்து வழி காட்டும். பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்கும். ஆகவே பாவாடை நசுங்கியதைத் தள்ளிவிடுங்கள், அதுதான் கண்ணுக்குத் தெரியும் பெரிய குறை. ஒரு பக்கம் நசுங்கினால் காற்று அந்தப் பக்கமாக முந்தும், வாயை விட்டு வெளியேறும்போதே பெல்லட் சாயும்.

டப்பாவைச் சட்டைப்பையில் போட்டு பைக்கில் போகாதீர்கள். நசுங்குவதில் பாதி அங்கேதான் நடக்கிறது. மேலே ஒரு பஞ்சு வட்டம் வைத்து மூடினால் குலுங்காது.

சில கம்பெனிகள் ஒரே பெல்லட்டை 4.50, 4.51, 4.52 என்று தலையளவு பிரித்துத் தருகின்றன. முதல் சுற்றுக்கு 4.52 அல்லது 4.51 போதும். குழலில் விரலால் அழுத்தும்போது சற்றே எதிர்ப்பு இருக்க வேண்டும். தானாக வழுக்கி உள்ளே போனால் தலை சிறிது. நகம் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் பெரிது.

பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் பலரிடம் உண்டு. ஈயத்தை வாயில் வைப்பது என்று அதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு சின்ன கிண்ணம் போதும்.

7. பத்து மீட்டரில் குரூப் எடுத்தல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

மணல் நிரப்பிய பேன்ட் காலை மேசையில் வைத்து, அதன்மேல் உங்கள் இடக்கையைத் திறந்த உள்ளங்கையாக வைத்து, அதில் ரைபிளை உட்கார வையுங்கள். ஸ்ப்ரிங் ரைபிளை நேரடியாக மணல்மூட்டையில் வைத்தால் உதை வேறாகும், குறி மேலே ஏறும். இறுக்கிப் பிடித்தாலும் அப்படியே. தூங்கும் குழந்தையை ஏந்தும் அளவு பிடி, அதற்கு மேல் வேண்டாம். கை தாங்கும் இடத்தை ஸ்டாக்கில் பென்சிலால் குறித்துவிடுங்கள். ஒரு அங்குலம் முன்பின் மாறினாலே குரூப் நகரும். பிசிபி ரைபிளுக்கு (முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றில் சுடும் வகை) இந்தத் தொல்லை இல்லை, மூட்டையிலேயே வைக்கலாம்.

வகை மாற்றியதும் முதல் ஐந்து குண்டைக் கணக்கில் சேர்க்காமல் களிமண்ணில் விடுங்கள். முந்தைய பெல்லட்டின் ஈயப் படலம் குழலில் ஒட்டியிருக்கும், புதியது தன் படலத்தைப் பூசிய பிறகுதான் நிதானத்துக்கு வரும். பிறகு ஐந்து குண்டு ஒரு தாளில். இது ஒரு குரூப்.

நான்கு வகையை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டால் முதல் சுற்று அ, ஆ, இ, ஈ. இரண்டாம் சுற்று ஈ, இ, ஆ, அ. இந்தத் தலைகீழ் முக்கியம். எப்போதும் ஒரே வரிசையில் சுட்டால், கை களைத்த பிறகு வருகிற கடைசி வகைக்கு எப்போதும் தோல்விதான். ஸ்ப்ரிங்கை எண்பது முறை மடக்கினால் தோள் சொல்லும். அதனால் ஒரு காலையில் இரண்டு சுற்று, மறுநாள் காலையில் இரண்டு சுற்று. வகைக்கு நான்கு குரூப் கிடைக்கும், கணக்கில் வராத குண்டையும் சேர்த்து மொத்தம் 160 குண்டு.

அளக்கும் முறை: ஒன்றுக்கொன்று அதிகத் தூரத்தில் இருக்கும் இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வெர்னியர் வையுங்கள், அதில் 4.5 கழியுங்கள். தட்டை முனை தாளைப் பஞ்ச் போட்டதுபோல் வெட்டும், அளக்க எளிது. உருண்டை முனை கிழித்துக்கொண்டு போகும், துளை சிறியதாகத் தெரியும். சுற்றியிருக்கும் சாம்பல் நிற ஈய வளையத்தின் விளிம்பை வையுங்கள். தாளுக்குப் பின் அட்டை ஒட்டினால் கிழிசல் குறையும்.

ஸ்கோப் வைத்த நல்ல ஸ்ப்ரிங் ரைபிளில், பொருந்திய பெல்லட் 10 மீட்டரில் சுமார் 8 முதல் 12 மி.மீ. தரும். நான்கு வகையுமே 20 மி.மீ.க்கு மேல் சிதறினால் பெல்லட்டை விடுங்கள், ஐந்தாம் படிக்குத் திரும்பித் திருகுகளைப் பாருங்கள்.

ஓடிப்போன ஒரு துளையை மட்டும் அழித்துவிட்டு, "நாலு குண்டு ஒரே ஓட்டையில" என்று படம் எடுத்துக் காட்டுகிற பழக்கம் உண்டு. ஓடிப்போனதற்குக் காரணம் நீங்கள் என்று விசை தட்டிய அந்த நொடியிலேயே தெரிந்து, தாளைப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொன்னால் மட்டும் நீக்கலாம். தாளைப் பார்த்த பிறகு சொன்னால் அது சாக்கு.

இன்னொன்று, தாளில் குரூப் எங்கே விழுந்தது என்பதை இப்போது பார்க்க வேண்டாம். மேலேயோ இடதோ விழுந்தால் ஸ்கோப் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். அகலம்தான் பெல்லட்டின் குணம். ஒப்பீட்டின் நடுவில் ஸ்கோப்பைத் திருகினால் எந்தத் தாள் எந்த நிலை என்று குழம்பும்.

8. இருபத்தைந்து மீட்டர்

பத்து மீட்டரில் தேறிய இரண்டை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். பத்தில் முதலிடம் வந்த தட்டை முனை இங்கே பின்தங்குவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். தட்டை முனைக்குக் காற்றுத் தடை அதிகம். 240 மீட்டர் வேகத்தில் கிளம்பியது 25 மீட்டரில் ஏறக்குறைய 170-க்கு இறங்கும், ஆற்றலில் பாதி போய்விடும். உருண்டை முனை சுமார் 204-ல் இருக்கும், ஆற்றலில் நூற்றுக்கு 28தான் இழப்பு. பத்து மீட்டர் தாள் போட்டிக்காரர்கள் தட்டை முனையையே வைத்திருப்பதற்கும் திறந்தவெளியில் உருண்டை முனையைக் கேட்பதற்கும் காரணம் இதுதான்.

இங்கே 25 முதல் 35 மி.மீ. நல்ல குரூப். வகைக்கு நான்கு குரூப், அதே தலைகீழ் வரிசை. காற்று கிளம்பினால் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

9. களிமண் ஊஞ்சலில் வேகம் அளத்தல்

குரோனோகிராஃப் (பெல்லட் வேகத்தை அளக்கும் கருவி) கைவசம் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இல்லாதவர்களுக்கு மரப்பெட்டி, களிமண், நான்கு கயிறு, ஒரு அளவுகோல் போதும்.

சிறிய பெட்டியில் இளகிய களிமண் அப்பி, பெட்டியோடு சேர்த்துச் சரியாக 1 கிலோ ஆக்குங்கள். காற்று வராத கொட்டகையின் விட்டத்தில் நான்கு மூலைக்கும் நான்கு கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கயிறு கட்டிய இரண்டு இடங்களுக்கும் நடுவே நேர் உயரம் 2 மீட்டர். ஒற்றைக் கயிற்றில் கட்டினால் பெட்டி சுழன்று கணக்கைக் கெடுக்கும். பெட்டியின் பின்னால் ஒரு அளவுகோலைக் கிடையாக வைத்து, அதன்மேல் மடித்த சிறு காகிதத் துண்டு ஒன்றைப் பெட்டியைத் தொட்டபடி உட்கார வையுங்கள். பெட்டி பின்னுக்குப் போகும்போது காகிதத்தைத் தள்ளும், திரும்பி வரும்போது காகிதம் அங்கேயே நிற்கும். அதுதான் ஆட்டத் தூரம்.

மூன்று மீட்டர் தள்ளி நின்று சுடுங்கள். ஊஞ்சல் தடுப்பு ஆகாது, அதற்குப் பின்னால் மூன்றாம் படியில் செய்த பெட்டி இருக்க வேண்டும். நடுவில் துளையிட்ட ஒரு அட்டையைக் குறுக்கே நிறுத்துங்கள். வாயிலிருந்து வரும் காற்று பெட்டியை உந்தாமல் அது தடுக்கும். பெல்லட் நடுவில் பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூலையில் பட்டு ஆடினாலோ, தெறித்து விழுந்தாலோ அந்த அளவு செல்லாது.

கணக்கு: பெட்டி எடையைப் பெல்லட் எடையால் வகுத்து, மீட்டரில் எடுத்த ஆட்டத் தூரத்தால் பெருக்கி, 2.21-ஆல் பெருக்கினால் வேகம். 2.21 என்பது 2 மீட்டர் உயரத்துக்கு உரிய எண். உயரம் ஒன்றரை மீட்டர் என்றால் 2.56.

உதாரணம்: பெல்லட் 0.55 கிராம், பெட்டி 1000 கிராம், ஆட்டம் 6 செ.மீ. 1000-ஐ 0.55-ஆல் வகுத்தால் 1818. அதை 0.06-ஆலும் 2.21-ஆலும் பெருக்கினால் நொடிக்கு 241 மீட்டர். தூரத்தில் 2 மி.மீ. தவறாகப் படித்தால் வேகம் 8 மீட்டர் மாறும். அதனால் வகைக்குப் பத்து குண்டு சுட்டுச் சராசரி எடுங்கள்.

களிமண் காயக் காய எடை குறையும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பெட்டியை எடை போட்டுவிடுங்கள். காலையில் ஒரு கிலோ இருந்தது மாலையில் 960 கிராமாகிவிட்டால் கிடைக்கும் வேகம் எல்லாம் நூற்றுக்கு நான்கு கூடுதலாக வரும், கனமான பெல்லட்டைக் கடைசியில் சுட்டவர் "கனமானதுதான் வேகம்" என்ற விந்தையான முடிவுக்கு வந்துவிடுவார்.

10. ஆற்றல் கணக்கு

பெல்லட் எடை கிராமில், வேகம் நொடிக்கு மீட்டரில். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, எடையால் பெருக்கி, 2000-ஆல் வகுத்தால் ஜூல். மேலே கிடைத்த 0.55 கிராம், 241 மீட்டருக்கு 16 ஜூல்.

20 ஜூல் கோட்டைத் தொடும் வேகம் எடைக்கேற்ப மாறும்: 0.45 கிராமுக்கு 298 மீட்டர், 0.55-க்கு 270, 0.67-க்கு 244. ஸ்ப்ரிங் ரைபிள் பெரும்பாலும் இலேசான பெல்லட்டில் அதிக ஆற்றல் காட்டும், பிசிபி கனமானதில். ஆகவே கோட்டுக்குள் இருக்கிறோமா என்று பார்க்க ஸ்ப்ரிங்கில் இலேசானதையும் பிசிபியில் கனமானதையும் சோதிக்க வேண்டும்.

விளம்பரத்தில் வரும் பெரிய வேக எண் பெரும்பாலும் ஈயமில்லாத மிக இலேசான உலோகப் பெல்லட்டில் எடுத்தது. அப்படி ஒலியின் வேகத்தை நெருங்கும் பெல்லட், அதாவது நம்மூர் வெப்பத்தில் நொடிக்கு சுமார் 350 மீட்டர், நிலையாகப் போவதில்லை. இந்தப் பெல்லட் வடிவம் அந்த வேகத்துக்குச் செய்ததே அல்ல.

சராசரியைவிட முக்கியம் ஏற்ற இறக்கம். பத்து குண்டில் மிக வேகமானதுக்கும் மிக மெதுவானதுக்கும் வித்தியாசம் குறைவாக உள்ளதே நல்ல பொருத்தம். ஆனால் களிமண் ஊஞ்சல் 4, 5 மீட்டர் வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லாது. அதற்குக் குரோனோகிராஃப்தான் வேண்டும்.

11. தாக்கம்: சோப்பில் பார்ப்பது

ஒரே பெட்டியில் வந்த துணி சோப்புக் கட்டிகள் நான்கு. கடையில் வாங்கிய அன்றே, ஒரே நேரத்தில் உறையைப் பிரியுங்கள். ஒன்றைப் போன வாரமும் ஒன்றை இன்றும் பிரித்தால் ஈரம் மாறி ஆழம் மாறும். களிமண் பெட்டிக்கு முன் நிறுத்தி, 10 மீட்டரிலிருந்து கட்டிக்கு மூன்று குண்டு, விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

ஆழத்தை ஈர்க்குச்சி விட்டு அளக்கலாம். பிறகு கட்டியை நீளவாக்கில் நூலால் அறுத்துப் பாருங்கள். தட்டை முனை ஆழம் குறைவாக, வாயகன்ற குழி போடும். உருண்டை முனை ஒடுங்கிய நீளமான குழி போடும். கனமான உருண்டை இன்னும் உள்ளே போகும். குழிமுனைப் பெல்லட்டை வாங்கியவர்கள் அது மலரும் என்று எதிர்பார்ப்பார்கள். 20 ஜூலுக்குள், கொஞ்ச தூரம் போன பிறகு, பெரும்பாலும் முனை அப்படியே இருக்கும். பறக்கும்போது காற்றை மட்டும் கூடுதலாக வாங்கிக்கொள்ளும்.

பெரிய ரைபிள் தோட்டாக்களைப் பற்றிப் படிக்கும்போதும் இந்தக் கட்டியை நினைத்துக்கொள்ளலாம். விட்டம், எடை, வேகம், முனை வடிவம் நான்கும் அங்கேயும் அதே மாதிரிதான் இழுபறி செய்கின்றன. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். சோப்பில் ஆழம் என்பது சோப்பில் ஆழம் மட்டுமே.

12. .177-ஆ, .22-ஆ?

உரிமம் எடுக்கத் தயாராக இருப்பவர்கள் கேட்பது இது. ஒரே ஆற்றலில் ஒப்பிட்டால்தான் நியாயம். 16 ஜூல் அளவில் .177-ல் 0.55 கிராம் பெல்லட் 240 மீட்டரில் கிளம்பும், .22-ல் 0.93 கிராம் பெல்லட் சுமார் 184-ல். 25 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் முதலாவது சுமார் 6 செ.மீ. தாழும், இரண்டாவது 11 செ.மீ. .177 நேர்கோட்டை ஒட்டிப் போவதால், தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் அதிகம் தவறாது. .22-ன் முகப்பரப்பு ஒன்றரை மடங்கு. துளை பெரிது, பெல்லட்டை விரலில் எடுத்து வைப்பதும் எளிது. வெறும் தாளுக்காக உரிமத்துக்கு அலைவது வீண் வேலை, .177 போதும்.

13. குறிப்பும் கழிவும்

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, மணி, நூல் ஆடியதா, பெல்லட் பெயர், தலையளவு, டப்பாவின் அடியில் இருக்கும் லாட் எண், நான்கு குரூப்பின் அகலம், சராசரி. லாட் எண்ணைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். அடுத்த முறை வாங்கும் டப்பா வேறு அச்சில் வார்த்ததாக இருக்கலாம். அதற்காக முழுச் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டாம். பழைய டப்பாவில் இருபத்தைந்து பெல்லட் மிச்சம் வைத்து, ஏழாம் படியை மட்டும் பழையதுக்கும் புதியதுக்கும் செய்து பாருங்கள். பிடித்த லாட் கிடைத்தால் மூன்று நான்கு டப்பா சேர்த்து வாங்குங்கள்.

பத்து மீட்டரில் 9 மி.மீ., 25 மீட்டரில் 45 மி.மீ. தரும் ஒன்றும், பத்தில் 11, இருபத்தைந்தில் 30 தரும் இன்னொன்றும் கிடைத்தால் எதை எடுப்பது என்பது நீங்கள் எங்கே சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கொட்டகைக்குள் தாள் மட்டும் என்றால் முதலாவது. திறந்த களத்தில் என்றால் தயங்காமல் இரண்டாவது.

களிமண் நிறையப் பெல்லட் ஏறிவிட்டால் வெயிலில் காயவைத்து உடைத்து, சல்லடையில் போட்டு ஈயத்தைப் பொறுக்கிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள். உடைக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மிஞ்சிய மண்ணிலும் ஈயத்தூள் இருக்கும். வாய்க்காலிலோ வயலிலோ கொட்டாதீர்கள். அறுப்பு முடிந்த தாளடியில் வாத்து மேய்க்க வருகிறவர்களின் வாத்துகள், நெல்மணி என்று நினைத்து ஈயத்தைப் பொறுக்கி விழுங்கும். அரைப்பையில் அரைபட்டு அது மெல்ல மெல்லக் கொல்லும். அந்த மண்ணையே மறுபடி பிசைந்து அதே பெட்டிக்குள் அப்பிக்கொள்ளலாம். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுப் பிறகு சாப்பிடுங்கள், சோதனைக்கு வைத்த சோப்பில் அல்ல.